புழுங்கலரிசியும் இதயத்தைச் சுற்றிய பையும்



பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உட்கார்ந்ததும் பரிமாறுபவர் கேட்கும் கேள்வி, "வெள்ளைச் சோறா, புழுங்கலா?" நாம் யோசிக்காமல் பதில் சொல்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கோலாலம்பூரில் அந்தப் பதில் ஒருவர் பிழைப்பதையும் சாவதையும் முடிவு செய்தது. இன்று அரங்கில் நான் பேச எடுத்துக்கொண்டது இதய உறையைப் பற்றி. அதற்கும் அரிசிக்கும் என்ன உறவு என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், வருகிறேன்.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் அன்று மனிதர்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்த நோய் பெரிபெரி. சிலருக்குக் கால் மரத்து, நடை தளர்ந்து போகும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடும். இதில் ஒரு புதிர் இருந்தது. சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் இறந்தார்கள். நம் தோட்டப்புறத் தமிழர்களை அந்த நோய் அநேகமாகத் தொடவே இல்லை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்டு பிராடன் இதைக் கவனித்தார். சீனர் சாப்பிட்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய சியாம் அரிசி. மலாய்க்காரர் சாப்பிட்டது அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் சாப்பிட்டதோ, நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கல். 1907-இல் வெளியான தம் நூலில், பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக பிராடன் எழுதினார். நஞ்சு என்றது தவறு. அரிசியைச் சந்தேகித்தது சரி.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை நடத்தினார். 1905 டிசம்பரில் தொடங்கி 1906 டிசம்பர் வரை அது நடந்தது. நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்குப் புழுங்கல். வெள்ளை அரிசி தின்ற சுமார் 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை. மருத்துவ வரலாற்றில் இந்தச் சோதனைக்குப் பெரிய பெயர் உண்டு. ஆனால் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்கள் மீது நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

பிறகு, 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், ஜெலுபுவில் காட்டுச் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்து, 1909-இல் உறுதி செய்தார்கள். தீட்டும்போது தவிட்டோடு எதுவோ போய்விடுகிறது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து உள்ளே இறங்கி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. அதுதான் வைட்டமின் பி1. நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாது. நெல் அவிக்கத் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

சரி, இதயத்துக்கு என்ன ஆனது?

வியன்னாவில் பணியாற்றிய டச்சு இதய நிபுணர் வெங்கெபாக், ஆல்ஸ்மேர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1929-இல் பெரிபெரி இதயத்தைப் பற்றி எழுதினார். டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் கண்ட நோயாளிகளிடம் இதயத்தின் வலப்பக்கம் பெருத்து வீங்கியிருந்தது. பி1 குறைந்தால் சிறிய ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, ரத்தம் வெள்ளம்போல இதயத்துக்குத் திரும்புகிறது, தசையோ சோர்ந்து கிடக்கிறது. மெல்லிய சுவர் கொண்ட வலது கீழறை உப்புகிறது. உப்புவதற்கு இடம் வேண்டுமே! அங்கேதான் உறை குறுக்கே நிற்கிறது.

இதய உறை என்பது இதயத்தைச் சுற்றிய ஒரு பை. அரிசி மூட்டைச் சாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி நிறையும்வரை சாக்கு நெகிழ்ந்து கொடுக்கும். நிறைந்தபின் ஒரு படி அரிசி கூடுதலாகப் போட்டாலும் விறைத்துக்கொள்ளும். உறையின் நார்களும் அப்படித்தான். சுருண்டிருக்கும்வரை இழுபடும், நேராகிவிட்டால் விடாது. மாதக்கணக்கில் மெல்ல வீங்கும் இதயத்துக்கு உறையும் சேர்ந்து வளர்ந்து இடம் தரும். திடீரென வீங்கினால் தராது. அப்போது இரண்டு கீழறைகளும் ஒரே அறைக்குள் அடைபட்ட இருவர் மாதிரி. ஒருவர் காலை நீட்டினால் மற்றவர் மடக்கவேண்டும். வலது அறை பெருத்தால் நடுச்சுவர் இடப்பக்கம் சாயும், இடது அறைக்குள் ரத்தம் நிறைவது குறையும், நாடி தளரும்.

இதை மருத்துவ உலகம் ஒரே நாளில் அறியவில்லை. உறைக்குள் நீர் தேங்கினால் இதயம் விரிய முடியாமல் நெரிபடும் என்று இங்கிலாந்தின் ரிச்சர்டு லோவர் 1669-இலேயே எழுதினார். பெரிபெரியில் இறந்தவர்களின் உறைக்குள்ளும் நீர் கோத்திருந்தது உண்டு. 1873-இல் ஜெர்மானியர் குஸ்மவுல், உறை இறுகிய நோயாளிகளுக்கு மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி மங்குவதைக் கண்டார். இதயம் துடிக்கிறது, மணிக்கட்டில் நாடி தெரியவில்லை! 1898-இல் பர்னார்டு, உறைதான் இதயம் மிதமிஞ்சி விரியாமல் காக்கிறது என்றார். காவல்காரனே நெருக்கடியில் கழுத்தைப் பிடிக்கிறான் பாருங்கள். அந்த அழுத்தத்தைச் சரியாக அளக்கவோ 1980-கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனடாவின் கல்கரியில் ஜான் டைபர்க் குழுவினர் உறைக்கும் இதயத்துக்கும் இடையே தட்டையான சிறு பலூனைச் செருகி அளந்தார்கள். சாதாரணக் குழாய் வைத்து அளந்தவர்கள் நினைத்ததைவிட அழுத்தம் அதிகமாக இருந்தது.

பி1 சத்தை 1936-இல் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். சரியான நேரத்தில் பி1 ஊசி போட்டால் வீங்கிய இதயம் வேகமாகத் தேறத் தொடங்கிவிடும். அதனால் பெரிபெரி பழங்கதை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள்.

அப்படியில்லை நேயர்களே. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கும் செமினியே குடிநுழைவுத் தடுப்பு முகாமில் பெரும்பாலும் வங்காளதேசிகளான 59 பேர் பெரிபெரியாலும் டைபாய்டு காய்ச்சலாலும் இறந்தது 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டு, தடுப்பு முகாம்களின் நிலை குறித்து தெனாகனித்தா அமைப்பின் ஐரீன் பெர்னாண்டஸ் அறிக்கை வெளியிட்டார். பொய்ச் செய்தி பரப்பியதாக 1996-இல் அவர்மீது வழக்குப் போட்டார்கள். 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2008 நவம்பரில்தான் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.