மறைநிலை உலாவல்: அழிவது எது, எஞ்சுவது எது?

திருவனந்தபுரம்: இணைய உலாவியின் 'மறைநிலை' சாளரத்தை மூடியவுடன் தேடிய அனைத்தும் சுவடின்றி மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது ஓரளவே உண்மை.

2005-ல் சஃபாரி உலாவியிலும், 2008-ல் கூகுள் குரோமிலும், 2009-ல் ஃபயர்பாக்ஸிலும் இவ்வசதி அறிமுகமானது. உலாவல் வரலாறு, குக்கீகள், படிவங்களில் நிரப்பிய விவரங்கள் ஆகியவற்றை இது சேமிப்பதில்லை. ஆனால், பதிவிறக்கிய கோப்புகளும் புக்மார்க்குகளும் சாதனத்திலேயே இருக்கும்.

எஞ்சும் தடயங்கள்

உலாவி அழித்தாலும் இயங்குதளம் அழிப்பதில்லை. பார்த்த பக்கங்களின் பகுதிகள் ரேம் நினைவகத்தில் தங்கும். ரேம் நிரம்பும்போது விண்டோஸ் கணினி அவற்றை 'பேஜ்ஃபைல்' கோப்பிற்கு மாற்றக்கூடும். அதன்மூலம் அவை ஹார்டு டிஸ்கிலும் பதியும். இணையதளப் பெயர்கள் டிஎன்எஸ் தற்காலிகப் பதிவில் சில காலம் இருக்கும். உலாவிகளின் இத்தகைய குறைபாடுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2010-லேயே சுட்டிக்காட்டியது.

கணினியை அணைத்தால் ரேம் தரவு அழிந்துவிடும். எனவே, இயங்கும் நிலையிலேயே அதைச் சேகரிப்பது புலனாய்வில் முக்கியமானது. இதற்கான 'வின்-லிஃப்ட்', வட்டுகளை ஆராயும் 'சைபர்செக்' ஆகிய மென்பொருள்களைத் திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கியுள்ளது.

சாதனத்திற்கு வெளியே

இணையச் சேவை நிறுவனம், அலுவலக வலையமைப்பு, பார்வையிடும் இணையதளம் ஆகியவற்றின் பதிவுகளை மறைநிலை தடுக்காது. மறைநிலையிலும் தரவு திரட்டியதாக அமெரிக்காவில் 2020-ல் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது.

சட்டத்தின் நிலை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான நிபந்தனைகளை வகுக்கிறது. பதிவுடன் அளிக்கப்படும் சான்றிதழில், அது மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் 'ஹாஷ்' மதிப்பும் குறிப்பிடப்பட வேண்டும்.

பயனர்கள் கவனத்திற்கு

ஒரே கைப்பேசியைக் குடும்பத்தினர் பகிரும் வீடுகளில், நோய் குறித்தோ வன்முறையிலிருந்து பாதுகாப்பு குறித்தோ தேடுவோருக்கு மறைநிலை ஓரளவு உதவும். எனினும், கண்காணிப்புச் செயலி நிறுவப்பட்ட கைப்பேசியில் அது பயன் தராது. அச்சம் இருப்பின், நம்பகமான வேறொருவரின் கைப்பேசியிலிருந்து 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைப்பதே பாதுகாப்பானது.