வீட்டுச் சண்டைக்கு ஊர்ப் பஞ்சாயத்து

பொது வாக்கெடுப்பு எதற்காக? தலைபோகிற ஒரு கேள்வி. நாடாளுமன்றம் மட்டும் முடிவு செய்தால் போதாது. மக்களே சொல்லட்டும் என்று அரசு அவர்களிடம் போகிறது. பாடப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும்.

பிரிட்டனில் இரண்டு பிரதமர்கள் ஐரோப்பாவை வைத்து இப்படி மக்களிடம் போனார்கள். இருவருக்குமே நாட்டைவிடப் பெரிய தலைவலி, சொந்தக் கட்சி. ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். கட்சிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

முதலாமவர் ஹெரால்ட் வில்சன். தொழிலாளர் கட்சி.

1973 ஜனவரி 1. கன்சர்வேடிவ் பிரதமர் எட்வர்ட் ஹீத், பிரிட்டனை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எதிர்க்கட்சியான தொழிலாளர் கட்சிக்குள் இது பற்றி இரண்டு கோஷ்டிகள். ராய் ஜென்கின்ஸ் ஆட்களுக்கு ஐரோப்பாதான் எதிர்காலம். இடதுசாரிகளுக்கோ அது முதலாளிகளின் கிளப். வில்சன் யார் பக்கம்? கட்சி உடையாமல் இருந்தால் போதும் என்கிற பக்கம்!

வாக்கெடுப்பு யோசனையைக் கிளப்பியவர் டோனி பென். 1970ல் அவர் சொன்னபோது யாரும் சீந்தவில்லை. ஜேம்ஸ் காலகன் மட்டும், இது ஒரு சின்ன ரப்பர் படகு, நாளைக்கு நாம் எல்லோரும் இதில் ஏற வேண்டிவரும் என்கிற அர்த்தத்தில் சொல்லிவைத்தார். ஏறினார்கள். 1972ல் கட்சி அந்த யோசனையை ஏற்றதும் ஜென்கின்ஸ் துணைத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். படகு மிதக்கும் முன்பே ஓட்டை.

1974ல் வில்சன் மறுபடி பிரதமர். ஐரோப்பாவுடன் பேரம் பேசி, சில சலுகைகள் வாங்கி வந்தார். தொடரலாம் என்று அமைச்சரவையில் 16 பேர், கூடாது என்று 7 பேர். பிரிட்டனில் அமைச்சர்கள் வெளியே ஒரே குரலில்தான் பேச வேண்டும். வில்சன் அந்த மரபையே நிறுத்திவைத்தார். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பிரசாரம் செய்யலாம்.

நாடாளுமன்றத்தில் அரசின் முடிவு ஓட்டுக்கு வந்தபோது ஆளுங்கட்சி எம்.பி.க்களில் 137 பேர் ஆதரவு, 145 பேர் எதிர்ப்பு. எதிர்க்கட்சி தயவில்தான் பிரதமரின் தீர்மானம் தேறியது!

1975 ஜூன் 5 அன்று வாக்கெடுப்பு. தொடரலாம் என்று 67 சதவிகிதம் பேர். அமோக வெற்றி. பிரச்னை தீர்ந்ததா? ம்ஹூம்.

அந்தப் பிரசாரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜென்கின்ஸ், லிபரல்களோடும் கன்சர்வேடிவ்களோடும் ஒரே மேடையில் நின்றார். சொந்தக் கட்சிக்காரர்களோடு தினம் மல்லுக்கு நிற்பதைவிட அது சுகமாக இருந்தது. தோற்ற கோஷ்டியோ மக்கள் தீர்ப்பை ஏற்று வாயை மூடிக்கொள்ளவில்லை. ஐந்தே வருடத்தில், 1980 மாநாட்டில், ஐரோப்பாவிலிருந்து விலகுவதே கட்சியின் கொள்கை என்று தீர்மானம் போட்டது.

1981ல் ஜென்கின்ஸ் உள்ளிட்ட நான்கு முன்னாள் அமைச்சர்கள் சேர்ந்து, சமூக ஜனநாயகக் கட்சி என்று தனிக்கடை போட்டார்கள். ஐரோப்பா மட்டுமே காரணமல்ல, ஆனால் முக்கியமான காரணம். 1983 தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 27.6 சதவிகிதம். புதுக் கட்சியும் லிபரல்களும் சேர்ந்த கூட்டணிக்கு 25.4. எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிளந்ததில் மார்கரெட் தாட்சர் அலுங்காமல் ஜெயித்தார். தொழிலாளர் கட்சி மறுபடி ஆட்சியைப் பார்த்தது 1997ல்தான்.

ஜெயித்த வாக்கெடுப்பின் கதியே இது. அடுத்தவர், தோற்றவர். டேவிட் கேமரூன், கன்சர்வேடிவ்.

இப்போது ஐரோப்பா பிடிக்காதவர்கள் இந்தக் கட்சியில். வெளியே நைஜல் ஃபராஜின் யுகிப் கட்சி இவர்களுடைய ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. 2013 ஜனவரியில் கேமரூன் வாக்குறுதி கொடுத்தார். அடுத்த தேர்தலில் ஜெயித்தால் வாக்கெடுப்பு நிச்சயம். 2015ல் தனிப் பெரும்பான்மையே கிடைத்துவிட்டது. இனி தப்பிக்க வழியில்லை.

வில்சன் செய்த அதே காரியம். அமைச்சர்களுக்கு அவரவர் இஷ்டம். நெருங்கிய நண்பர் மைக்கேல் கோவ் எதிர் முகாமுக்குப் போனார். போரிஸ் ஜான்சனும் போனார். 2016 ஜூன் 23. விலகு என்று 51.9 சதவிகிதம். மறுநாள் காலையே கேமரூன் ராஜினாமாவை அறிவித்துவிட்டார்.

பிறகு வந்த தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை, 2019 ஜனவரியில் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சி எம்.பி.க்கள். அவருக்குப் பின் வந்த ஜான்சன், 2019 செப்டம்பரில் 21 எம்.பி.க்களை நாடாளுமன்றக் கட்சியிலிருந்தே தூக்கினார். அதில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சிலின் பேரன்.

ஏன் இப்படி? ஒரு பெரிய கட்சி என்பது ஆயிரம் மழுப்பல்களால் ஒட்டிவைக்கப்பட்ட கூட்டுக் குடும்பம். 'பார்க்கலாம்', 'பிறகு பேசலாம்' என்பதெல்லாம் அங்கே கெட்ட வார்த்தைகள் அல்ல. அவைதான் பசை. வாக்குச் சீட்டிலோ இரண்டே கட்டம். நடுவே நிற்க இடம் கிடையாது. உள்ளே முணுமுணுத்தவர், ஊரறிய ஒரு பக்கம் நின்று, பக்கத்து நாற்காலிக்காரரைப் பொய்யன் என்று மேடை போட்டுத் திட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரே மேஜையில் எப்படிச் சாப்பிடுவது? கட்சியின் கடனை நாட்டின் கணக்கில் எழுதினால் கடன் தீர்வதில்லை. வட்டியோடு திரும்பி வருகிறது.

2019 டிசம்பர் தேர்தலில் ஜான்சன் பெரிய வெற்றி பெற்றார், வாஸ்தவம். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. ஆனால் 2024 ஜூலை தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சிக்கு மிஞ்சியது 121 இடங்கள். அதன் நீண்ட சரித்திரத்திலேயே மோசமான தோல்வி. பல காரணங்கள் உண்டு. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஃபராஜின் புதிய கட்சி 14 சதவிகித ஓட்டு வாங்கியது. ஏழு முறை நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றிருந்த அந்த மனிதர், முதல் முறையாக எம்.பி. ஆனார்.

அவரைத் தடுக்கவும்தானே கேமரூன் வாக்கெடுப்பே வைத்தார்!