மாத்திரை வீடு தேடி வந்த கதை

ஆரம்ப சுகாதார நிலையங்கள் காய்ச்சல், பிரசவம், தடுப்பூசி என்றே வளர்ந்தவை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும். 2007ல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ரத்த அழுத்தத்துக்கு சோதனை முயற்சி தொடங்கி, 2012ல் தமிழகமெங்கும் விரிந்தது. நோயைக் கண்டுபிடித்தாயிற்று. மாத்திரைக்கு மாசாமாசம் யார் போவது? உடுமலைப்பேட்டை மில்லில் ஷிப்டு பார்ப்பவர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு (இலவச மாத்திரைக்கும் விலை உண்டு!). உடம்பில் ஒன்றும் தெரியாததால் பாதியில் விட்டுவிடுவார்கள். பிற்பாடு பக்கவாதம், கிட்னி என்று வந்து நிற்கும்.

2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தந்தார்கள். பகலில் வீட்டில் இல்லாத தொழிலாளிக்கு? 2024ல் வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதனை தொடங்கியது.