களி விரிசலில் உறைந்த வாயு

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலைக்கு ஓடிவிடுகிறார்கள். குடத்தில் ஓலை போட்டு எடுத்த கதை பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. சோழ மன்னன் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, அப்படி எடுத்த முப்பது பேரில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள். அதைப் பேசத்தான் ஆளில்லை. இங்குள்ள வயிரமேக தடாகம் பல்லவர் காலத்து ஏரி. அதில் சேரும் வண்டலை வாரிப்போடுவதற்கென்றே பொன் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. மண் பரிசோதனைக் கூடத்தில் காலம் தள்ளிய எனக்கு ஓலையைவிட வண்டல்தான் பெரிய விஷயம்.

கோடையில் தண்ணீர் இறங்கிய ஏரிச் சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வாயு கிளம்பும். மக்கிய தழையை நுண்ணுயிர்கள் தின்று வெளிவிடும் மீத்தேன் அது. வங்கக் கடலின் அடி வண்டலிலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே தலைக்கு மேல் ஆயிரம் மீட்டர் தண்ணீரின் பாரம், ஆறேழு டிகிரிக் குளிர். அந்த நெருக்கடியில் மீத்தேன் தண்ணீரோடு சேர்ந்து வெள்ளையாக உறைந்துவிடுகிறது. வாயு ஹைட்ரேட் என்பது இதுதான். பார்த்தால் பனிக்கட்டி, தீ வைத்தால் எரியும். ஒரு கன மீட்டர் கட்டி கரைந்தால் 160 கன மீட்டருக்கு மேல் வாயு வரும்.

2006-இல் இதைத் தேடி ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் வந்தது. நம் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய பயணம். கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்தது. 21 இடங்களில் துளையிட்டார்கள். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் பத்தாம் இடத்தில், ஏறக்குறைய 130 மீட்டர் கனத்துக்குக் களிமண்ணுக்குள் ஹைட்ரேட் கிடைத்தது. கோதாவரி தக்காணத்துக் கரிசலையும் அடித்து வந்து கொட்டுகிற கடல் அது. தண்ணீரைக் குடித்து உப்புகிற ஜாதி மண்.

மணலாக இருந்தால் மணிகளுக்கு நடுவே ஹைட்ரேட் நிறைந்து உட்கார்ந்துவிடும். களியின் துளைகளோ அதற்குப் போதாத அளவு நுண்மையானவை. அதனால் வளரும் படிகம் களியைத் தள்ளிப் பிளந்து தனக்கு இடம் செய்துகொள்கிறது. கடலடி அழுத்தம் குறையாமல் மேலே கொண்டுவந்த மண் உருளைகளை எக்ஸ்ரேயில் பார்த்தபோது, செங்குத்தான விரிசல்கள் நெடுக ஹைட்ரேட் ஓடியிருந்தது. அவற்றில் சிலவற்றைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், அழுத்தத்தை விடாமலேயே விறைப்பைச் சோதித்தார்கள். அப்படிச் சோதிக்கிற கருவியைக் கையால் தொட எனக்கு இன்றைக்கும் ஆசைதான்.

1920-களில் மண் பொறியியலாளர் டெர்சாகி கற்றுக்கொடுத்த கேள்வியைத்தான் நாங்கள் எந்தக் களியிடமும் கேட்போம்: மேலே இருக்கிற பாரத்தை மண் துகள்கள் தாங்குகின்றனவா, உள்ளே மாட்டிய தண்ணீர் தாங்குகிறதா? ஹைட்ரேட் உறைந்திருக்கும் வரை களி விறைப்பாகவே நிற்கும். துளையிடும்போது சூடு ஏறினாலோ அழுத்தம் இறங்கினாலோ அது கரையும். பிறக்கிற வாயுவும் தண்ணீரும் வெளியேறப் பார்க்கும், களி சட்டென்று வழிவிடாது. உள்ளழுத்தம் ஏற ஏறத் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பது தளர்ந்து, மண்ணின் வலு போய்விடும். மதகை மொத்தமாகத் திறந்து ஏரியை அவசரமாக வடித்தால் உள்கரை சரிகிறதே, அங்கேயும் இதே கணக்குதான்: களிக்குள் நின்ற தண்ணீர் கூடவே இறங்குவதில்லை.

கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹைட்ரேட் உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. கரைந்தால் வருவது நல்ல தண்ணீர். உப்புநீரில் ஒட்டிக் கிடந்து பழகிய களித் துகள்களின் பிணைப்பு அதில் மாறிவிடும். கட்டி இருந்த விரிசலும் வெற்றிடமாகி, மண் அமுங்கும். சரிவான கடலடியில் கிணறு போடுகிறவன் பயப்படுவது இதற்குத்தான்.

பயந்ததாலோ என்னவோ, 2015-இல் ஜப்பானின் சிக்யூ கப்பலைக் கொண்டுவந்து நடத்திய இரண்டாவது பயணத்தில் மணல் படுகைகளையே தேடினார்கள். மணல் வாயுவைச் சுலபமாக விட்டுவிடும், நியாயமான யோசனைதான். ஆனால் 2017-இல் சீனர்கள் தென்சீனக் கடலின் ஷென்ஹூ பகுதியில், களி கலந்த வண்டலிலிருந்தே 60 நாள் தொடர்ந்து வாயு எடுத்தார்கள், 3 லட்சம் கன மீட்டருக்கு மேல். மணலைத் தேடிப் போனவர்கள் பத்தாம் இடத்துக் களியை மறுபடி பார்க்க வேண்டிய காரணம் அதில் இருக்கிறது.