ஆரோக்கியப்பச்சை: பொதிகை மலையில் சம்மதம் சொன்னது யார்?

குற்றாலத்தில் சீசன் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டி வந்து சாரலாக விழும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலைமோதும். மூலிகைகளைத் தழுவி வரும் தண்ணீர், அதனால் குளித்தால் உடம்புக்கு நல்லது என்பது ஊர் நம்பிக்கை. அருவிக்குப் போகும் வழியில் மூலிகைத் தைலமும் வேரும் பட்டையும் விற்கும் கடைகள் இருக்கின்றன. இந்த மருந்தையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் தென்காசிப் பக்கத்தில் யோசிக்காமல் வரும் பதில்: அகத்தியர்!

பொதிகை அகத்தியர் மலை என்பதால் அந்தப் பதிலில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதே மலையில், ஏட்டில் எழுதாத ஒரு வைத்தியமும் உண்டு. அதற்குச் சொந்தக்காரர்கள் காணிக்காரர்கள். மருத்துவ அறம் என்று பேசும்போது உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஒரு வழக்கு இவர்களுடையது. நம் ஊர்ப்பக்கம்தான் அதிகம் பேருக்குத் தெரியவில்லை.

காணிகள் குற்றால மலைக்குத் தெற்கே, அகத்தியர் மலையின் இரண்டு சரிவுகளிலும் வாழ்கிறார்கள். கிழக்கே பாபநாசத்துக்கு மேலே இஞ்சிக்குழி, மயிலாறு, சேர்வலாறு. மேற்கே திருவனந்தபுரம் மாவட்டத்தின் குற்றிச்சல், விதுரா, பெரிங்கமலை பஞ்சாயத்துகள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது, அதுவரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையும் கன்னியாகுமரியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஒரே மக்கள் இரண்டு மாநிலத்துப் பட்டியல்களில் ஏறினார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயருக்குப் பக்கத்தில், இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை தாலுகாவின் பெயர் இருக்கிறது. காணிகளுக்கு மூட்டுக்காணி என்ற தலைவர் உண்டு. பிளாத்தி என்பவர் வைத்தியரும் பூசாரியும் ஆவார். மருந்து அறிவு அவர் பொறுப்பு.

சரி, கதைக்கு வருவோம்.

1987 டிசம்பரில், பழங்குடிகளின் தாவர அறிவைத் திரட்டும் அகில இந்திய ஆய்வுத் திட்டம் ஒன்றின் விஞ்ஞானிகள் அகத்தியர் மலையின் மேற்குப் பக்கம் ஏறினார்கள். தலைமை தாங்கியவர் டாக்டர் புஷ்பாங்கதன். வழி காட்டியவர்களில் குட்டிமாத்தன் காணியும் மல்லன் காணியும் இருந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ சோர்வே இல்லாமல் நடந்தார்கள். நடுநடுவே எதையோ வாயில் போட்டு மென்றார்கள். சின்னச் சின்னக் காய்கள்! விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குத் தெம்பு வந்தது.

என்ன செடி என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. எங்கள் இனத்து ரகசியம், வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்றார்கள். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று விஞ்ஞானிகள் வாக்குக் கொடுத்து வற்புறுத்திய பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. டிரைகோபஸ் ஜெய்லானிகஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். தாவரவியலாளர்களுக்குச் செடி புதிதல்ல, அந்தப் பயன்தான் புதிது.

பிறகு ஆய்வுக்கூட வேலை நடந்தது. காணிகள் தின்றது காயை. ஆனால் களைப்பைப் போக்கும் சத்து இலையிலும் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டார்கள். திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம், இந்த இலையோடு அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டு லைசென்ஸ் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிறுவனமே முன்வந்து முடிவு செய்தது.

அப்போது இந்தியாவில் இப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. 1992இல் ரியோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கை பங்கு கொடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னது, எப்படி என்று சொல்லவில்லை. சர்ப்பகந்தாவை நினைத்தால் இதன் பெருமை புரியும். நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய வேர் அது. 1931இல் சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அதன் பயனை எழுதினார்கள். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா கம்பெனி அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்து உலகம் முழுக்க விற்றது. அந்த வேரை முதலில் காட்டிய வைத்தியர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதோடு ஒப்பிட்டால் 1995இன் முடிவு பெரிய விஷயம்தான். உலக அரங்கில் முன்மாதிரி என்று பாராட்டப்பட்டதும் நியாயமே.

ஆனால் பாராட்டுகளில் அமுங்கிப் போன ஒரு கேள்வி இருக்கிறது. அந்த அறிவைக் கொடுக்கச் சம்மதம் சொன்னது யார்?

மலையேறிய நாளில் சொன்னவர்கள் வழிகாட்டிகள். அவர்கள் பிளாத்திகள் அல்ல. மூட்டுக்காணிகளைக் கூட்டி வைத்து யாரும் கேட்கவில்லை. ரகசியம் என்று வழிகாட்டிகளே முதலில் சொன்னார்கள் என்றால், திறந்து காட்டும் அதிகாரம் தங்கள் கையில் மட்டும் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்? லைசென்ஸ் பேச்சு நடந்த 1995இல் விதுரா பக்கத்துப் பிளாத்திகள் சிலர் கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்காதீர்கள் என்பது அவர்கள் கோரிக்கை. பங்கு கூடுதலாக வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. விற்கவே வேண்டாம் என்றார்கள். இதை வைத்து நிறுவனத்தைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நல்ல எண்ணத்தோடு பணத்தில் பாதியைப் பிரித்து வைத்தவர்கள் அவர்கள்தான். பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்குப் பதில் தேடியவர்கள், அதற்கு முந்தைய கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பணமும் உடனே போய்ச் சேரவில்லை. வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டுமே! 1997 நவம்பரில் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் பதிவானது. 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட முதல் தொகை 1999இல் அதன் கணக்குக்கு வந்தது. மலையில் காய் தின்ற நாளிலிருந்து 11 ஆண்டுகள்! டிரஸ்டில் முதலில் இருந்தவர்கள் பெரும்பாலும் குற்றிச்சல் பக்கத்துக் காணிகள். மற்ற இரண்டு பஞ்சாயத்துக்காரர்கள் விலகியே நின்றார்கள். கிழக்குச் சரிவில் பாபநாசத்துக்கு மேலே இருக்கும் காணிகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. டிரஸ்டின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. அறிவு மாநில எல்லை பார்த்து வளரவில்லை, ராயல்டி பார்த்தது.

இந்த இடத்தில் மருத்துவ அறத்தின் பழைய பாடத்தை நினைக்கலாம். 1947இல் நியூரம்பர்க் விதிகள், 1964இல் ஹெல்சிங்கி அறிக்கை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒருவர் உடம்பில் சோதனை செய்ய வேண்டுமானால், விவரம் சொல்லி அவர் சம்மதம் வாங்க வேண்டும். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் புற்றுநோய் என்றதும் ஓடுகிற திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1999-2000இல் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ஒரு புதிய மருந்து ஊசியாகப் போடப்பட்டது. விஷயம் வெளியே வந்து, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் விசாரித்தது. முறையான அனுமதி இல்லாமல் தன் விஞ்ஞானி அதில் ஈடுபட்டதாக 2001இல் சொன்னது. அங்கே எது தவறு என்று எல்லோருக்கும் உடனே புரிந்தது. ஏனென்றால் உடம்புக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான், கேட்க வேண்டியவரும் அவர்தான்.

அறிவு அப்படி இல்லை. பாட்டன் சொன்னது, பிளாத்தி காப்பது, காட்டில் நடப்பவன் அன்றாடம் பயன்படுத்துவது. இதில் யாரிடம் கேட்பது? ஒருவர் சரி என்று, இன்னொருவர் வேண்டாம் என்றால் எது செல்லும்? நோயாளியின் கையெழுத்து வாங்கும் படிவத்தை அப்படியே மலைக்கு எடுத்துப் போனால் இந்தக் கேள்விக்கு அதில் கட்டம் இருக்காது.

சட்டம் பிறகு வந்தது. 2002இல் இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம். அதன்படி அமைந்த தேசிய ஆணையத்துக்கு அலுவலகம் சென்னையில். 2010இல் நகோயா நெறிமுறை, சமூகத்தின் முன்சம்மதம் என்பதை வெளிப்படையாகவே எழுதியது. காணிகளின் கதை இல்லாமல் இந்தப் பேச்சுகள் நடந்ததில்லை எனலாம். 2002இல் ஜோகனஸ்பர்க்கில் நடந்த உலக மாநாட்டுக்குக் குட்டிமாத்தன் காணியே போய் வந்தார்.

இப்போது இன்னொரு திருப்பம். 2023இல் பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டது. நூலில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவை இந்தியர்கள் பயன்படுத்தினால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்றது திருத்தம். சித்த மருத்துவ நூல்கள், அகத்தியர் பெயரில் உள்ளவை உட்பட, 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆக, பொதிகையின் ஒரே செடி அகத்தியர் ஏட்டில் இருந்தால் யாரிடமும் கேட்க வேண்டாம். காணியின் வாயில் மட்டும் இருந்தால் கேட்க வேண்டும். எழுத்து இல்லாத மக்களுக்கு எழுத்து இல்லாததே பாதுகாப்பு! நாளைக்கு ஒரு மாணவர் நல்லெண்ணத்தோடு அவர்கள் வைத்தியத்தைப் புத்தகமாகப் போட்டால் அந்தப் பாதுகாப்பு என்ன ஆகும் என்பதை வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆரோக்கியப்பச்சையின் கதை வேறொரு இடத்திலும் சிக்கியது. ஜீவனிக்குத் தேவை இலை. செடி நன்றாக வளர்வது அந்தக் காட்டு நிழலில்தான், சமவெளியில் வளர்த்தால் மருந்துச் சத்து குறைகிறது என்றார்கள். காட்டிலோ இலை பறிக்க வனத்துறை தடை போட்டது. காணிகள் குடும்பம் குடும்பமாகப் பயிரிட்டுப் பார்த்த முயற்சியும் அந்தத் தடையில் நின்றது. மருந்துக்கு லைசென்ஸ் இருந்தது, ராயல்டிக்கு டிரஸ்ட் இருந்தது. வேண்டாம் என்று எழுதிய பிளாத்திகளின் காட்டில், வேண்டும் என்ற காணிகளாலும் இலை பறிக்க முடியவில்லை.