கிளைவ்: ஒரு பெயரின் பயணம்

கிளைவ் என்றதும் நம் நினைவில் எழுபவை ஆற்காடும் பிளாசியும்தான். அது முதலில் ஓர் ஊரின் பெயர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'கிளிஃப்' என்பது செங்குத்துப் பாறையையும் மேட்டுச் சரிவையும் குறித்தது. 'சரிவில்' என்று அச்சொல் உருபேற்கும்போது, இரு உயிர்களுக்கிடையே அகப்பட்ட 'ஃப' ஒலி 'வ' என மெலிந்தது. 'லைஃப்' என்ற சொல்லோடு உறவுடைய 'அலைவ்' பிறந்ததும் இவ்வாறே. ஓரிடத்தைச் சுட்டும்போது உருபோடு சொல்வதே இயல்பாகையால், அவ்வடிவமே சில ஊர்களுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. செஷயர் பகுதியிலிருந்த அத்தகைய ஓர் ஊரிலிருந்து கிளைவ் குடும்பம் தன் பெயரைப் பெற்றது. பின்னர் அவர்கள் ஷ்ராப்ஷயரின் ஸ்டைச்சில் குடியேறினர். ஊர் விட்டுப்போயிற்று, பெயர் விடவில்லை.

அக்குடும்பத்தில் 1725இல் பிறந்த ராபர்ட், 1744இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1751இல் ஆற்காட்டு முற்றுகையைத் தாங்கி நின்றார். 1753இல் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் அவர் திருமணம் நடந்தது. வங்கத்தில் அவர் குவித்த செல்வத்தைப் பற்றி 1772-73இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே துருவிக் கேட்டது. அப்போது பிள்ளைக்குச் சூட்டி மகிழத்தக்க பெயராக அது இருந்திருக்குமா என்பது ஐயமே.

நம்மிடையேயும் பழனி, சிதம்பரம் என்று ஊர்கள் ஆட்பெயராவதுண்டு. அங்கே ஊருக்கும் பிள்ளைக்கும் நடுவே கடவுள் நிற்கிறார். இங்கே நின்றவர் ஒரு கம்பெனிப் படைத்தலைவர்.

அவர் பெயரைத் தொட்டிலுக்குக் கொண்டு சேர்த்ததில் ஒரு நாவலுக்குப் பெரும் பங்குண்டு. கல்கத்தாவில் 1811இல் பிறந்த தாக்கரே, 1853-55இல் வெளியிட்ட 'தி நியூகம்ஸ்' நாவலில், இந்தியாவில் பணியாற்றிய கர்னல் நியூகமின் மகனுக்கு கிளைவ் என்று பெயரிட்டார். அதன்பின் அப்பெயர், குறிப்பாக இந்தியத் தொடர்புள்ள ஆங்கிலக் குடும்பங்களில், பரவலாயிற்று. நாடாளுமன்ற விசாரணையால் கறைபட்ட பெயரை எண்பதாண்டுகள் கழித்து ஒரு கதை வெளுத்துக் கொடுத்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பேரரசின் வழித்தடங்களில் அப்பெயர் வெகுதூரம் சென்றது. பிரிட்டிஷ் கயானாவின் ஜார்ஜ்டவுனில் 1944இல் பிறந்த கிளைவ் லாயிட், மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு 1975, 1979 உலகக் கோப்பைகளை வென்று தந்தார். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் கபில் தேவின் இந்திய அணியிடம் 43 ஓட்டங்களில் தோற்றதும் இந்தக் கிளைவின் அணிதான்.