தேசிங்கு ராஜா யாரை எதிர்த்தார்?

மொகலாயரை எதிர்த்த ராஜபுத்திரர் என்றதும் ராணா பிரதாப் பெயரைத்தான் சொல்வோம். தமிழ்நாட்டிலேயே ஒருத்தர் இருந்தார், செஞ்சிக்கோட்டை தேசிங்கு ராஜா. இங்கே நாகமலை புதுக்கோட்டையில் நான் விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் 1960இல் வந்த எம்.ஜி.ஆர். படம்தான்.

அசல் பெயர் தேஜ் சிங். பந்தேலா ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங் யார் தெரியுமா? ஔரங்கசீப் நியமித்த கோட்டைத் தலைவர்! சுமார் எட்டு வருஷம் முற்றுகை போட்டு, 1698இல்தான் மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தார். (அந்த நாளில் எங்க மதுரை ராணி மங்கம்மாள் மொகலாயரோடு மோதாமல் கப்பம் கட்டிச் சமாளித்தார். அதுவும் சாமர்த்தியம்தான்.) பிறகு செஞ்சி சொரூப் சிங் கைக்கு வந்தது.

1714இல் அவர் இறந்தார். கட்டவேண்டிய பணம் பெரிய பாக்கியாக நின்றது. பந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்ற மகனுக்கு வயது இருபதை ஒட்டி. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார், புது பாதுஷாவின் உத்தரவு எங்கே என்றும் கேட்டார். ஔரங்கசீப் கொடுத்த பர்மான் போதும் என்பது தேசிங்கின் பதில்.

இங்கேதான் விஷயம் இருக்கு. ஔரங்கசீப் 1707இல் போய்ச் சேர்ந்த பிறகு பகதூர் ஷா, ஜகந்தர் ஷா, பரூக்சியர் என்று டெல்லியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. நவாபும் மொகலாய அதிகாரி, தேசிங்கு காட்டியதும் மொகலாயக் காகிதம். மொகலாய ஆட்சியே கூடாது என்று அவர் வாளெடுக்கவில்லை. டெல்லி தளர்ந்தபோது, நடுவில் நின்ற நவாபுக்குத் தலைவணங்க மறுத்தார். அதனால் வீரம் குறைந்துவிடாது. சில நூறு பேரோடு நவாபின் பெரும்படைமீது பாய்ந்து, 1714 அக்டோபரில் செத்தார்.

கதைப்பாட்டில் பாக்கிக் கணக்கெல்லாம் பெரிசில்லை, பாராசாரிக் குதிரையும் நண்பன் மகபத் கானும்தான். கல்யாணப் பந்தலிலிருந்து போர்க்களத்துக்கு ஓடிவந்து செத்தவர் அந்த மகபத் கான். நவாப் முஸ்லிம், நண்பனும் முஸ்லிம். இதை மதச் சண்டையாக எழுதுகிறவர்கள் அவரை எங்கே வைப்பார்களோ!

தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாக நவாபே வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை என்கிறார்கள். 2019இல் அது ஒரு மாவட்டத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.